உள்வாங்காத மூடிகள்

மகள் தேனியிலிருந்து வரும்போது ஒரு டப்பா உலர்ந்த அத்திப்பழம் வாங்கி வந்தாள். என் உடம்புக்கு நல்லதாம். டப்பாவின் வாயில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டுக் கையை உள்ளே விட்டால், பழத்துக்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளைப் பாக்கெட்டு விரலில் தட்டுப்பட்டது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கைக்குள் இளஞ்சூடு ஏறியது.

“இதுல என்னம்மா போட்டிருக்கு, படி” என்றேன்.

“தின்னக் கூடாதாம்ப்பா. ஒரு தடவைதான் பயன்படுமாம். அதை ஏன் பிடிச்சுக்கிட்டு இருக்கீக, குப்பையில போடுங்க” என்றாள்.

ஒரு தடவைதான். கேட்டுக்கொண்டாயா? அச்சடித்தே போட்டிருக்கிறான். நீ செத்து ஏழு மாதம் ஆகிறது. உன் சாவுக்கு நான் வரவில்லை, கருமாதிக்கும் வரவில்லை, வராததற்கு வருத்தமும் கிடையாது. ஆனால் அந்தப் பாக்கெட்டு கையில் சுட்டதும், உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பிடிப்பதற்குச் சட்டையும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் எழுதுகிறேன். அன்புள்ள என்றெல்லாம் ஆரம்பிக்க என்னால் முடியாது.

நம் பழக்கம் சின்னமனூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்தது. நீ என்னை மாப்ளே என்பாய், நானும் உன்னை மாப்ளே என்பேன். எவன் வீட்டுப் பெண்ணை எவன் கட்டினான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நாம் பதில் சொன்னதில்லை. படிப்பு முடிந்து நான் திராட்சைப் பந்தல் போட்டேன். மூன்று வருஷம் சாம்பல் நோயோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போய், 1997இல் கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்தேன். நீ அதற்குள் கொச்சிக்குப் போய், ஏலக்காயும் மிளகும் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலையில் சேர்ந்திருந்தாய். லீவில் வரும்போதெல்லாம் வாயில் பாதி மலையாளம். ‘மோனே’ என்று நீ என்னைக் கூப்பிடும்போது எரிச்சலாக வரும். 2001இல் ஒரேயடியாக வேலையை விட்டுவிட்டு வந்து இறங்கினாய். உன் பெட்டியில் துணிமணியைவிட அந்த வெள்ளைப் பாக்கெட்டுகள்தான் அதிகம் இருந்தன.

அப்போது என் கடைக்கு எமனாக இருந்தது வண்டு. பழுப்பு நிறம், கடுகளவு உடம்பு. நிலவேம்பு, தூதுவளை, ஆவாரம்பூ எதுவானாலும், என்னதான் காயவைத்துச் சுளகில் புடைத்து எடுத்தாலும், கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் இலையோடு டப்பாவுக்குள் போய்விடும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் இலை இருக்காது, தூளும் வண்டும்தான் இருக்கும். நிலவேம்பு விஷயத்தில் இது பெரிய இடி. பொட்டிப்புரம் பக்கத்துக் கரட்டுக் குன்றிலிருந்து மார்கழி, தை மாதங்களில்தான் நல்ல செடி வரும். அதை விட்டால் அடுத்த மார்கழிவரை காத்திருக்க வேண்டும்.

நீ ஒரு கண்ணாடி ஜாடி கேட்டாய். பாதி ஜாடிக்கு நிலவேம்பைப் போட்டாய். “நாலு வண்டு பிடிச்சுப் போடு, உசுரோட” என்றாய். போட்டேன். புதுப் பாக்கெட்டு மூன்றை இலைமேல் வைத்து, ரப்பர் வளையம் வைத்த தகர மூடியைப் போட்டு இறுக்கினாய். மறுநாள் காலையில் மூடியின் நடுப்பகுதி உள்பக்கமாகக் குழிந்திருந்தது. விரலால் சுண்டினால் மொத்தென்று சத்தம் வந்தது. நாலாம் நாள் வண்டுகள் நாலும் மல்லாந்து கிடந்தன. கடையில் நின்ற ஆட்களுக்கெல்லாம் அந்த ஜாடியைத் தூக்கித் தூக்கிக் காட்டினாய்.

“ஈரம் உறிஞ்சுற மணி கேள்விப்பட்டிருப்பீகல்ல? இது அதுக்கு அண்ணன். ஜாடிக்குள்ள இருக்கிற ஆக்ஸிஜனை அம்புட்டையும் உறிஞ்சிரும். வண்டு என்ன, வண்டோட முட்டை கூட மூச்சுவிட முடியாது!”

அந்த வாக்கியத்தில்தான் வினை இருந்திருக்கிறது. ஈரம் உறிஞ்சுகிற மணிக்கு அண்ணன். எனக்கு அப்போது புரியவில்லை. உனக்குச் சாகும்வரை புரியவில்லை.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். செடி வாங்குவது, நிழலில் காயவைப்பது, புடைப்பது, நறுக்குவது என் பொறுப்பு. ஜாடியில் அடைப்பது, பாக்கெட்டுப் போடுவது, மூடுவது உன் பொறுப்பு. பாக்கெட்டுகள் இருக்கும் பெரிய பையைப் பிரித்துவிட்டால் நீ மனிதனாகவே இருக்க மாட்டாய். வெளிக்காற்று பட்டால் அதையும் உறிஞ்ச ஆரம்பித்துவிடும் என்று, கால் மணி நேரத்தில் எல்லா ஜாடியையும் மூடியாக வேண்டும். “ஏலே, ஜன்னலைச் சாத்து! வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காத!” என்று என் கடையில் நின்றுகொண்டு என்னையே விரட்டுவாய். மூடியதும் வெளிச்சம் படாமல் ஜாடியைச் சுற்றிப் பழைய செய்தித்தாளைக் கட்டி, வரிசை எண் எழுதி, பின்னறையில் அடுக்குவாய். அதோடு உன் வேலை முடிந்தது. அதன்பிறகு அந்த ஜாடிகளின் பக்கமே திரும்ப மாட்டாய்.

திரும்புவது நான்தான். மறுநாள் காலை பின்னறைக்குப் போய், மூடிக்கு மூடி சுண்டிப் பார்ப்பேன். முதல் வருஷம் ஒரே ஒரு மூடி குழியவில்லை. ஒன்றே ஒன்று. விடிந்தும் விடியாமல் உன் வீட்டுக் கதவைத் தட்டி, நீ பல் விளக்கும்வரை வாசலிலேயே நின்று, கையோடு கூட்டிவந்து அதைச் சரிசெய்ய வைத்தேன். “ஒத்த மூடிக்காகக் காலங்காத்தால ஆளை எழுப்புறான்யா, மூடி இன்ஸ்பெக்டரு” என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாய். அந்த நாலு வருஷம் ஒரு ஜாடிகூடக் கெடவில்லை. நன்றாகத்தான் இருந்தது அந்தக் காலம். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் உள்ளது உள்ளதுதான்.

பிறகு உனக்குத் தலைக்கனம் ஏறியது. உத்தமபாளையத்திலிருந்து ஒரு சித்த வைத்தியர் வந்திருந்தாரே, நினைவிருக்கிறதா? உனக்கு எங்கே நினைவிருக்கும். போன வருஷத்து நிலவேம்பைக் கையில் அள்ளி மோந்து பார்த்துவிட்டு, “நேத்துப் பறிச்ச மாதிரி இருக்கே. எப்படிக் காயவச்சீக?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். பந்தல் போட்டுத் தோற்றவன் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு பெரிய மனிதர் மதித்துக் கேட்ட கேள்வி அது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய்.

“இவன் என்னத்தக் காயவச்சான்? காத்துதான காயவச்சுச்சு. இவன் பக்கத்துல உக்காந்து மோந்து பாத்தான். சரக்கைக் காப்பாத்துறது நம்ம பாக்கெட்டுங்க ஐயா.”

வைத்தியர் சிரித்தார். கடையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். கொடுமை என்னவென்றால் நானும் சிரித்தேன். அதன்பிறகு அவர் கிளம்பும்வரை உன்னிடம்தான் பேசினார். பிறகு அந்த ‘மோந்து பாத்தான்’ உனக்குப் பிடித்துப்போய், யார் வந்தாலும் அதையே சொல்ல ஆரம்பித்தாய். அன்றைக்கே உன்னை ஒரு அறை விட்டிருந்தால் நாம் கடைசிவரை சிநேகிதர்களாக இருந்திருப்போம் என்று நினைக்கிறேன்.

அடுத்த மார்கழி. செடி அமோகமாக வந்தது. ஆனால் கொச்சியில் உனக்குப் பாக்கெட்டு அனுப்பிக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான். குமுளி பஸ்ஸில் வரவேண்டிய பார்சல் வரவில்லை. உன் கையில் மிச்சமிருந்தது ஐந்து ஜாடிக்குத்தான் காணும். மொத்தம் இருபத்து நாலு ஜாடி. வேறு யாராவது என்றால் கொச்சிக்கு ஒரு நடை போயிருப்பார்கள். நீ என்ன செய்தாய்? நாலு வருஷமாகத் திறந்த ஜாடிகளிலிருந்து எடுத்த பழைய பாக்கெட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தாய். அவற்றைக் கொண்டுவந்து என் மொட்டைமாடியில் சாக்கை விரித்துக் கொட்டிப் பரப்பினாய்.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் வெயில்தானே மருந்து. புளி பூத்தால் வெயில், மெத்தை நாறினால் வெயில், ஊறுகாய்க்கு வெயில், சளி பிடித்த பிள்ளைக்கும் வெயில். ஈரம் உறிஞ்சுகிற மணியைக் கம்பெனியில் சூடுகாட்டி மறுபடி பயன்படுத்துவார்களாம். தம்பிக்குச் சரி என்றால் அண்ணனுக்கும் சரி என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். கல்லு மாதிரி கிடந்த அந்தப் பாக்கெட்டுகளை மூன்று நாள் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைத்தாய். என் வீட்டுக்காரி துணி காயப்போட வந்தவள், “என்னண்ணே, வத்தலா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதல் ஐந்து ஜாடிக்குப் புதுசு. மற்ற பத்தொன்பதுக்கும் வெயில் குடித்த பழசு. மறுநாள் காலை நான் பின்னறைக்குப் போனேன். ஐந்து மூடிகள் குழிந்திருந்தன. பத்தொன்பது குழியவில்லை. உன்னிடம் வந்து கேட்டேன்: “ஏலே, மூடி ஒண்ணும் உள்ள இழுக்கலையே.” நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்: “புது மூடி, தகடு கெட்டி. குழியாது. உன் சோலியைப் பாரு.” இதை நான் நாலு வருஷமாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில். கேட்டவர்கள் தலையை ஆட்டுவார்கள். நம்பினார்களா என்று தெரியாது.

ஆடியில் அந்தக் காய்ச்சல் வந்தது. மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொண்டு, ஆளை ஒரே நாளில் கிழமாக்குகிற காய்ச்சல். வயலுக்குப் போனவர்கள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்காத வீடே இல்லை. நிலவேம்புக் கஷாயம் கேட்டு ஜனங்கள் வந்தார்கள். ஜாடியை வரிசைப்படிதான் திறப்போம். முதல் ஐந்தும் பச்சை மாறாமல் அப்படியே இருந்தன. கடைவாசலில் அண்டா வைத்துக் காய்ச்சிக் கொடுத்தோம். குடித்தவர்கள் வலி குறைந்திருக்கிறது என்று போய்ச் சொல்ல, ஒன்பதாம் நாள் வாசலில் நூறு பேர் நின்றார்கள். அன்று நீ சாம்ராஜ்யமே உன்னுடையது மாதிரி, எல்லார் முன்னாலும் ஆறாம் ஜாடியைக் கொண்டுவந்து பலகையில் வைத்து, பேப்பரைக் கிழித்தாய்.

உள்ளே நிலவேம்பு இல்லை. பழுப்புத் தூள். தூளுக்குமேல் வண்டு, வண்டுக்குமேல் வண்டு. ஏழாம் ஜாடியும் அப்படித்தான், எட்டாவதும் அப்படித்தான். வரிசையில் முதலாவதாகக் காளியம்மா நின்றிருந்தது. நாற்று நடப் போகிற பிள்ளை. தூக்குவாளியை ஒரு கையிலும் கதவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றது.

“எங்க வீட்டுல மூணு பேரு படுத்த படுக்கையாக் கெடக்காக. இதை நம்பித்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன். வருசம் பூராம் என்னத்தத்தான்யா மூடி வச்சிருந்தீக?”

எல்லாரும் உன்னைத்தான் பார்த்தார்கள். நீ என் பக்கம் கையை நீட்டினாய்.

“என்னைப் பாக்காதீக. இலை இவன் காயவச்சது. அரைகுறையாப் புடைச்சு முட்டையோட உள்ள தள்ளியிருக்கான். நான் மூடுனவன், அம்புட்டுத்தான்.”

எனக்கு நாக்கு எழவில்லை. காளியம்மா காலி வாளியோடு படியிறங்கிப் போனது. கரட்டில் அப்போது செடியே கிடையாது. அந்தப் பிள்ளை அந்தப் போகம் முழுக்க நடவுக்குப் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். என் கடைக்கு ‘வண்டுக்கடை’ என்று பேர் வந்தது. இன்றைக்கும் சின்னமனூர் பஸ் நிலையத்தில் இறங்கி நாட்டு மருந்துக் கடை எங்கே என்று கேட்டால், “வண்டுக்கடையா? அங்கன திரும்புங்க” என்றுதான் சொல்கிறார்கள். நீ லோயர் கேம்ப்புக்குக் குடிபோய், மிளகு மூட்டை கட்டும் வேலையில் சேர்ந்து நிம்மதியாக இருந்தாய். வழியில் எதிரெதிரே வந்தால் நீ ஒரு பக்கம் பார்ப்பாய், நான் ஒரு பக்கம் பார்ப்பேன். பிறகு குமுளி பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய் என்று தகவல் வந்தது. என் பேரைத் திருப்பிக் கொடுக்காமலே போய்விட்டாய்.

ஆனால் இப்போது என் கையில் சாட்சி இருக்கிறது. அத்திப்பழ டப்பாவில் வந்த பாக்கெட்டை ஒரு நாள் வெளியில் வைத்திருந்தேன். சூடு தணிந்து, உள்ளே மாவாக இருந்தது கட்டிதட்டிப்போனது. உன் வைத்தியப்படி மூன்று நாள் மொட்டைமாடியில் காயவைத்தேன். பிறகு சின்ன ஜாடி ஒன்றில் போட்டு மூடினேன். ஐந்து நாளாகியும் மூடி தட்டையாகவே இருக்கிறது. மகள் அதே டப்பா இன்னொன்று வாங்கித் தந்தாள். அதிலிருந்த புதுப் பாக்கெட்டை வேறொரு ஜாடியில் போட்டேன். ஒரே ராத்திரியில் மூடி குழிந்துவிட்டது. பழைய பாக்கெட்டைக் கத்தரித்துப் பார்த்தேன். உள்ளே இரும்புத்தூள், துருப்பிடித்துச் செம்மண் மாதிரி கிடக்கிறது. காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனைத் தின்று துருவாகிவிடுகிற சரக்கு அது. துருவை வெயிலில் காயவைத்தால் மறுபடி இரும்பாகிவிடுமா, முட்டாளே? இரண்டு ஜாடியையும் அந்தத் துருவையும் கட்டி எடுத்துக்கொண்டு நாளைக்கு லோயர் கேம்ப்புக்குப் போகிறேன். உன் பெண்டாட்டி செல்வராணி முன்னால் வைத்து, உன் புருஷன் செய்த வேலை இதுதான் என்று சொல்லிவிட்டு வரப்போகிறேன். செத்தவனைப் பற்றி அப்படிப் பேசக் கூடாதுதான். நீ உயிரோடிருந்தவனைப் பற்றிப் பேசினாயே.

*

மேலே உள்ளதை எழுதி நாலு நாள் ஆகிறது. போய்விட்டு வந்துவிட்டேன். மிச்சத்தை எழுதுவதற்கு முன்னால் ஒன்றைத் திருத்த வேண்டும்.

மூடி உள்ளே இழுக்கவில்லையே என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. தகடு கெட்டி என்று நீ சொல்லவும் இல்லை. அந்தப் பேச்சே நடக்கவில்லை. நாலு வருஷம் சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்தது மாதிரி ஆகிவிட்டது. செத்தவனுக்கு எழுதும் காகிதத்திலும் கை தானாக அதையே எழுதிவிட்டது.

நடந்தது இது. அன்று காலை பின்னறையில் தனியாக நின்று இருபத்து நாலு மூடியையும் சுண்டினேன். ஆறாவது மூடியிலிருந்தே சத்தம் வேறு மாதிரி இருந்தது. பத்தொன்பதையும் சுண்டி முடித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம். வைத்தியர் முன்னால் நீ சிரித்தது, ‘மோந்து பாத்தான்’ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது எல்லாம் ஞாபகம் வந்தது. கிடக்கட்டும், இந்தத் தடவை தொலையட்டும், நீயே திறந்து நீயே முழி என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, உன்னோடு உட்கார்ந்து டீ குடித்தேன். நீ ஒரு ஜாடியைத் திறந்து அசடு வழிவாய், நான் ஒரு வாரம் கிண்டல் செய்வேன், அவ்வளவுதான் என் கணக்கு. காய்ச்சல் வரும் என்று நான் என்ன கண்டேன். காளியம்மா காலி வாளியோடு நிற்கும்போது எனக்கு நாக்கு எழாமல் போனதற்குக் காரணமும் இதுதான்.

இதையெல்லாம் செல்வராணியிடம் சொல்ல நான் போகவில்லை. பழைய கதையைச் சொல்லத்தான் போனேன். கால்வாய்ப் பக்கத்தில் உன் வீடு. “வாங்கண்ணே” என்று கூப்பிட்டு உட்கார வைத்தது செல்வராணித் தங்கச்சி. சாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தது. நான் இரண்டு ஜாடிகளையும் தட்டில் துருவையும் வைத்து, கடைக்காரன் மாதிரி விளக்கினேன். புதுப் பாக்கெட்டு, குழிந்த மூடி. வெயிலில் காய்ந்த பாக்கெட்டு, குழியாத மூடி. தங்கச்சி ஒரு மூடியைத் தடவிப் பார்த்தது. அடுத்ததையும் தடவிப் பார்த்தது.

“இப்படியெல்லாம் இருக்குமோன்னு நான் அப்பவே கேட்டேண்ணே” என்றது. “பாக்கெட்டு கெட்டுப் போயிருந்தா என்ன செய்றதுன்னு. அவுக ஒத்துக்கிடல. ‘போடி இவளே. பாக்கெட்டு போயிருந்தா மூடி குழிஞ்சிருக்காது. மூடி குழியலேன்னா அவன் சும்மா விட்டுருப்பானா? ஒத்த மூடிக்கு விடியக்காலையில கதவத் தட்டுன பய. பத்தொம்போது குழியாமக் கெடந்தா ஊரையே கூட்டியிருப்பான். அவன் வாயே தொறக்கல. அப்ப மூடி அம்புட்டும் சரியாத்தான் இருந்திருக்கு, இலையிலதான் கோளாறு’ன்னாக. சாகுற வரைக்கும் அதையேதான் சொன்னாக. யாராச்சும் பாக்கெட்டுலதான் தப்புன்னா, ‘அவன் பாத்த மூடிடா’ன்னு சண்டைக்குப் போவாக.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். தங்கச்சி என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது:

“மூடியெல்லாம் குழிஞ்சுதானே இருந்துச்சு, அண்ணே?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் கொண்டுபோன சாட்சியெல்லாம் பொய். உன்னிடம் சொன்னேன், நீ கேட்கவில்லை என்ற கதையையும் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷமாக அது வாயில் தயாராகத்தான் இருந்தது. உன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

“குழியல, ஆத்தா. அன்னைக்கே பாத்தேன். சொல்லல” என்றேன்.

செல்வராணி எழுந்தது. என் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. வெளியே வரும் என்று தோன்றவில்லை. ஜாடிகளை அங்கேயே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு சாலைக்கு வந்தேன். பஸ் வரும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே நின்றேன். பக்கத்தில் நின்ற ஆள் தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. வைத்தியர் முன்னால் என்னைச் சிறுமைப்படுத்தியது நீதான். துருவை வெயிலில் காயவைத்த முட்டாளும் நீதான். நூறு பேர் முன்னால் என் பக்கம் கையை நீட்டியதும் நீதான், அதை எந்த ஜென்மத்திலும் விடமாட்டேன். ஆனால் நீ பொய் சொன்னாய் என்றுதான் நான் இத்தனை காலம் உன்னை வெறுத்தேன். நீ பொய் சொல்லவில்லையே. பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். என்னை ஊரெல்லாம் திட்டிக்கொண்டு, என் முகத்தில் விழிக்காமல் ஒதுங்கிப் போய்க்கொண்டு, உள்ளுக்குள் என்னை இப்படி நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாய். நான் பார்த்த மூடி என்று இன்னொருத்தனிடம் சண்டைக்குப் போயிருக்கிறாய். ஏலே, அப்படி நம்பித் தொலைக்கச் சொல்லி உன்னை யாருடா கேட்டது?